முதலில் எலும்பு, அப்புறம் பீன்ஸ்
அடுப்படி கேள்வி – பதில்

காய்ந்த பீன்ஸை ஹாம் எலும்போடு சேர்த்து, அவசரப்படாமல் வேகவைக்கும் குண்டான் சமையலைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். புதியவர்களுக்கு ஒரு வரி: ஹாம் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. ஹாக் என்பது அதே காலில் பாதத்துக்குச் சற்று மேலே இருக்கும் கணு. அதில் கறி கொஞ்சம்தான். எலும்பும் தோலும் சவ்வும்தான் அதிகம்.

கேள்வி: இதுவரை செய்ததே இல்லை. எட்டுப் பேருக்கு அளவும் வரிசையும் சொல்லுங்களேன்.

காய்ந்த வெள்ளை பீன்ஸ் 500 கிராம். புகையூட்டிய ஹாக் இரண்டு, சேர்த்து நிறுத்தால் 800 கிராம் முதல் 1 கிலோ வரை. பெரிய வெங்காயம் 1, கேரட் 2, செலரித் தண்டு 2, பூண்டு 5 பல், பிரிஞ்சி இலை 2, உடைத்த மிளகு 1 தேக்கரண்டி, தைம் ஒரு சிறு கொத்து, தண்ணீர் இரண்டரை லிட்டர். உப்பை மறந்துபோய் விடவில்லை. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

முந்தைய இரவே பீன்ஸைத் தட்டில் பரப்பிக் கல், சுருங்கியவை, பூச்சி அரித்தவை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, 2 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பு கரைத்து 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, நன்றாக அலசி வடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் ஹாக்கை மட்டும் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல் வைத்து ஒன்றரை மணி நேரம் விடுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. இந்த நேரத்தில் வெங்காயம், கேரட், செலரியைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் எட்டு நிமிடம் நிறம் மாறாமல் வதக்கி, கடைசி ஒரு நிமிடம் பூண்டைச் சேர்த்து எடுத்து வையுங்கள்.

பிறகு பீன்ஸ், வதக்கிய காய்கள், இலை, தைம், மிளகு எல்லாம் பாத்திரத்துக்குள் போகலாம். தண்ணீர் பீன்ஸுக்கு மேலே 3 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் ஊற்றுங்கள். இன்னும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகட்டும். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்ததும் ஹாக்கை வெளியே எடுத்து, ஆறவிட்டு, கறியைப் பிய்த்து, தோலையும் எலும்பையும் தள்ளிவிடுங்கள். பீன்ஸ் முழுசாக வெந்த பிறகு ஒரு கப் எடுத்து மசித்துத் திரும்பச் சேர்த்து, பிய்த்த கறியையும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். இப்போதுதான் உப்பு பார்க்க வேண்டும். தேவையிருந்தால் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. இறக்கியதும் 2 தேக்கரண்டி வினிகர். மூடி வைத்து 20 நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவிட்டால் என்ன? எதற்கு இத்தனை தவணை?

ஹாக்கிலுள்ள சவ்வு கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அது ஜெலட்டினாகக் கரைந்தால்தான் சாறு உதட்டில் ஒட்டும் பதத்துக்கு வரும். அதற்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் மெதுவான சூடு வேண்டும். ஊறிய வெள்ளை பீன்ஸுக்கோ ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் போதும். ஒன்றாகப் போட்டால் ஹாக் பதமாகும்போது பீன்ஸ் கூழாகிவிடும். பீன்ஸைப் பார்த்து அடுப்பை அணைத்தால் ஹாக் ரப்பராக நிற்கும். இந்தச் சமையலில் வரும் புகார்களில் பாதி, எது எப்போது உள்ளே போக வேண்டும் என்ற கணக்கு தவறியதால் வருபவைதான்.

ஊறவைக்காத பீன்ஸாக இருந்தால் ஹாக்கோடு சேர்த்தே போட்டுவிடலாம். இரண்டின் வேக்காடும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் ஒரு பீன்ஸ் மலர்ந்தும் பக்கத்து பீன்ஸ் நறுக்கென்றும் இருக்கும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊறவைக்கும் தண்ணீரிலேயே உப்பா? உப்பு போட்டால் பீன்ஸ் வேகாது என்றுதானே சொல்வார்கள்!

சொல்வார்கள். ஆனால் உண்மை நேர்மாறானது. பீன்ஸின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பெக்டின் இழைகளைக் கோத்துக் கட்டியிருக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அவற்றை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது கட்டு தளர்கிறது. தோல் மென்மையாகிறது, வேகும்போது வெடிப்பதும் குறைகிறது.

வழக்கமாக லிட்டருக்கு 15 கிராம் உப்பு போடச் சொல்வார்கள். நாங்கள் 10 கிராம் என்று குறைத்ததற்குக் காரணம், பின்னால் ஹாம் வரப்போகிறது. மிக அதிக உப்பில் மாதக்கணக்கில் உலர்த்திய நாட்டு வகை ஹாம் உங்களிடம் இருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

முதல் நாளே ஊறவைக்க மறந்துவிட்டதா? பீன்ஸைத் தண்ணீரில் போட்டு 2 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி, அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். வடித்து, புதுத் தண்ணீரில் தொடரலாம். இரவு ஊறலுக்கு இணையாகாது, ஆனால் காரியம் நடக்கும்.

கேள்வி: நான்கு மணி நேரம் வேகவைத்தேன். பீன்ஸ் கடிக்கவே முடியவில்லை. ஊறவும் வைத்திருந்தேன். எங்கே தப்பு?

நான்கு இடங்களில் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் பீன்ஸின் வயதின் மேல்தான். சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பீன்ஸில், உள்ளே இருக்கும் பைட்டேட் என்ற சேர்மம் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த கால்சியம் விடுபடுகிறது. அந்தக் கால்சியம் பெக்டினை மேலும் இறுக்கிக் கட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட பீன்ஸ் ஊறும்போது சாதாரணமாகவே பருத்துவிடும். அடுப்பில்தான் அதன் குணம் தெரியும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்பதால், பழைய பாக்கெட்டையும் புதுப் பாக்கெட்டையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது. வீட்டில் சேமிக்கும்போது காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். குழாய்த் தண்ணீர் கடின நீராக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் அதே வேலையைத்தான் செய்யும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் வடிகட்டிய தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது 500 கிராம் பீன்ஸுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், தோல் வழண்டு போகும்.

மூன்றாவது, புளிப்பு. தக்காளி, வினிகர், ஒயின், எலுமிச்சை எதுவானாலும் பீன்ஸ் வெந்த பிறகுதான். அமிலம் பெக்டினைக் கரையவிடாது. மொலாசஸ் என்ற கரும்புக் கசண்டில் அமிலத்தோடு கால்சியமும் இருப்பதால் அது இரட்டைப் பூட்டு. இனிப்பான பீன்ஸ் செய்கிறவர்கள் முதலில் தனியே வேகவைத்துவிட்டே பாகில் போட வேண்டும். அவசரத்தில் தக்காளியை முன்கூட்டிப் போட்டுவிட்டீர்களானால் கால் தேக்கரண்டி சோடா கொஞ்சம் காப்பாற்றும். நுரைத்துக்கொண்டு மேலே எழும்பும், பயப்பட வேண்டாம்.

நான்காவது, உயரம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் 1 டிகிரி குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. மலைமேல் இருப்பவர்களுக்குப் பிரஷர் குக்கர்தான் கை கொடுக்கும்.

இந்த நான்கில் வயது மட்டும் தீராத வியாதி. மிகப் பழைய பீன்ஸைக் குக்கர்கூடச் சில சமயம் மசியவைக்காது.

கேள்வி: வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதுமா?

போதாது. பாத்திரத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து பீன்ஸை எடுத்துக் கடித்துப் பாருங்கள். ஐந்தும் நடுவில் மாவுத்தன்மை இல்லாமல் வெண்ணெய்போல் கரைய வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் இன்னும் 15 நிமிடம். கரண்டியில் எடுத்து ஊதினால் தோல் சுருண்டு உரிவது, வேக்காடு நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். முடிந்துவிட்டது என்பதற்கு அல்ல.

கேள்வி: வாயில் வைக்க முடியாத உப்பு. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று போட்டேன். இழுக்கவில்லை.

இழுக்காது. கிழங்கு உப்புத் தண்ணீரை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே உள்ளே போவதால், மிச்சச் சாற்றின் கரிப்பு அப்படியே இருக்கும். உங்களுக்கு மிஞ்சியது உப்புக் கிழங்கு.

அளவைக் கூட்டி நீர்க்கச் செய்வதுதான் ஒரே வழி. சாறு மட்டும் கரிக்கிறது என்றால் மூன்றில் ஒரு பங்குச் சாற்றை எடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றி 20 நிமிடம் சிறு தீயில் வையுங்கள். பீன்ஸும் சேர்ந்து கரித்தால், 250 கிராம் பீன்ஸை உப்பில்லாமல் தனியே வேகவைத்து, அதன் சாற்றோடு கலந்துவிடுங்கள். எடுத்த சாற்றைக் கொட்ட வேண்டாம். உறைய வைத்தால் வேறு சூப்புக்கு உப்பாகும். கடைசியில் சேர்க்கும் வினிகர் கரிப்பை ஓரளவு மறைக்கும், அவ்வளவுதான்.

அடுத்த முறைக்கு: ஹாக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, பீன்ஸ் போடும் முன்பே சாற்றைச் சுவைத்துப் பாருங்கள். அந்த நிலையில் சாதாரண சூப் அளவுக்கு உப்பு இருந்தாலே அதிகம். ஏனென்றால் இன்னும் ஒரு மணி நேரம் சாறு வற்றப்போகிறது, ஹாக்கும் மேலும் உப்பை விடப்போகிறது. அப்போது பாதிச் சாற்றை மாற்றிவிடுவது சுலபம். மிக உப்பான ஹாம் என்று முன்பே தெரிந்தால், ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் தண்ணீரில் மூழ்கவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். கட்டிச் சாறு, சூப் கியூப் போன்றவற்றை இந்தப் பாத்திரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: இரண்டரை மணி நேரம் வெந்தும் கறி உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. வேகவில்லையா?

வெந்துவிட்டது. பதப்படுத்தும்போது சேர்க்கும் நைட்ரைட், கறியின் நிறத்துக்குக் காரணமான மயோகுளோபினோடு சேர்ந்து, சூட்டில் மாறாத இளஞ்சிவப்பைத் தருகிறது. ஹாம் எத்தனை மணி நேரம் வெந்தாலும் அப்படித்தான் இருக்கும். பதப்படுத்தாத பச்சை ஹாக் என்றால் சாம்பல் நிறமாகியிருக்கும். அதில் உப்பும் இருக்காது, புகை வாசனையும் இருக்காது. கடைக்காரரிடம் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளை பீன்ஸ் கிடைக்காமல் சிவப்பு ராஜ்மாவை ஊறவைக்காமல் ஸ்லோ குக்கரில் ஹாமோடு போட்டேன். சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் வாந்தி. ஹாம் கெட்டுப்போயிருந்ததா?

ஹாம் மேல் பழி போடுவதற்கு முன் ராஜ்மாவைப் பாருங்கள். வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் நச்சு இருக்கிறது. வேகாத நான்கைந்து ராஜ்மாகூடப் போதும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், கடும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கும். ஆனால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நீரிழப்பு ஏற்பட்டால் மருத்துவரிடம் போகத் தயங்கக் கூடாது.

கொதிக்கும் சூடு இந்த நச்சை அழித்துவிடும். ஸ்லோ குக்கரில் உள்ளே இருப்பது பல சமயம் 80 டிகிரியைத் தொடுவதில்லை. அந்த அரைகுறைச் சூட்டில் நச்சு அழியாததோடு, பச்சையாக இருந்ததைவிடப் பல மடங்கு கூடவும் செய்யும். பீன்ஸ் மென்மையாகிவிட்டதே என்பது இங்கே சாட்சியாகாது.

எனவே ராஜ்மாவைக் குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். இது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு. அதன் பிறகு ஸ்லோ குக்கரில் மாற்றலாம். கன்னெல்லினி என்ற வெள்ளை ராஜ்மாவில் நச்சு சிவப்பில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் இதே ஒழுங்கை அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே அதிக சூட்டில் வெந்தது. அதற்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: எந்த பீன்ஸ் இதற்குச் சிறந்தது?

சாறு கெட்டியாக, கூழ் மாதிரி வேண்டுமானால் நேவி பீன்ஸ். சிறியது, சீக்கிரம் உடைந்து மாவை விட்டுவிடும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடற்படையின் அன்றாட உணவாக இருந்ததால் வந்த பெயர் அது. உருக்குலையாமல் முழுசாக நிற்க வேண்டுமானால் கிரேட் நார்தர்ன். கன்னெல்லினி பெரியது, வழவழப்பானது. பிண்டோ மண்வாசனையோடு பழுப்புச் சாறு தரும். புகையூட்டிய ஹாக்கோடு அதற்குப் பொருத்தம் அதிகம் என்பது எங்கள் கட்சி. இவை எல்லாமே ஒரே தாவரச் சிற்றினம்தான். பெரிய லிமா பீன்ஸ் வேறு இனம், தோல் சுலபமாக உரிந்து மிதக்கும். கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்க மட்டும் செய்யுங்கள். கண் வைத்த காராமணிக்கு ஊறலே தேவையில்லை, முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். அதனால் அதை ஹாக் முழுக்கப் பதமான பிறகே போடுங்கள்.

கேள்வி: விருந்தில் மிஞ்சிய ஹாம் எலும்பும் கறியும் இருக்கிறது. கறியையும் ஆரம்பத்திலேயே போட்டேன், நார் நாராகச் சக்கையாகிவிட்டது.

தொடைக் கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. ஏற்கெனவே வெந்தது வேறு. அதை இன்னும் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் சாறும் சுவையும் வெளியேறி நார்தான் மிஞ்சும். எலும்பை முதலில் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் தன் பங்கைக் கொடுத்துவிடும். கறியை ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கிக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சேருங்கள். 500 கிராம் பீன்ஸுக்கு 300 கிராம் கறி தாராளம். எலும்பில் ஜெலட்டின் ஹாக் அளவுக்கு வராது. சாறு மெலிசாகத் தோன்றினால் சிறு ஹாக் ஒன்றைக் கூடச் சேருங்கள். தேன், சர்க்கரை பூசிச் சுட்ட ஹாமாக இருந்தால் வெளித்தோலைச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் பானையே இனிக்கும்.

எலும்பை உடனே பயன்படுத்தாவிட்டால் இறுக்கமாகச் சுற்றி உறைய வைக்கலாம். இரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். பிறகு கொழுப்பில் சிக்கு வாடை ஏறும்.

கேள்வி: பிரஷர் குக்கரில் எத்தனை விசில்?

குக்கருக்குக் குக்கர் விசில் மாறும், அதனால் நிமிடக் கணக்கே பத்திரம். ஹாக்கை மட்டும் உயர் அழுத்தத்தில் 40 நிமிடம். அழுத்தம் இறங்கியதும் திறந்து, ஊறிய பீன்ஸ், காய்கள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து மறுபடி 8 முதல் 10 நிமிடம். எண்ணெய் நுரையை அடக்குவதற்காக. பீன்ஸும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நுரை மேலெழுந்து ஆவித் துளையை அடைத்தால் விபத்து.

அழுத்தத்தை வலிய இறக்காதீர்கள். திடீரென்று ஆவியை விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் பொங்கிக் கொதித்து, பீன்ஸ் எல்லாம் வெடித்துத் தோல் தனியாக நிற்கும். தானாக இறங்க 20 நிமிடம் கொடுங்கள். குக்கரில் ஆவி வெளியே போவதில்லை என்பதால் தண்ணீரும் குறைவாக, ஒன்றே முக்கால் லிட்டர் போதும்.

கேள்வி: அடுப்பிலேயே, சாதாரணப் பாத்திரத்தில்தான் வைக்கிறேன். அப்படியும் தோல் எல்லாம் பிரிந்து மிதக்கிறது.

தீ அதிகம், அல்லது கரண்டி அதிகம். பீன்ஸ் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாத அளவுக்குச் சிறு தீ வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை அடியைத் தொட்டு மெதுவாகத் திருப்பினால் போதும். அடுப்பின் தீ அடங்காது என்றால் பாத்திரத்தை மூடி 150 டிகிரி சூட்டில் ஓவனில் வைத்துவிடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சூடு கிடைப்பதால் கிளறவே வேண்டாம், அடியும் பிடிக்காது. நேரம் அரை மணி கூடும்.

கேள்வி: அடிப்பிடித்துவிட்டது. மேலே இருப்பதைக் காப்பாற்றலாமா?

சுரண்டாமல், அசைக்காமல், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ருசித்துப் பாருங்கள். கருகல் ஏறியிருந்தால் எந்த மசாலாவும் மறைக்காது. புகையூட்டிய ஹாம்தானே, தெரியாது என்று சமாளிக்க நினைக்காதீர்கள்; தெரியும். பீன்ஸை மசித்த பிறகுதான் பெரும்பாலும் பிடிக்கும், மாவு அடியில் தங்குவதால்.

கேள்வி: சாறு தண்ணீராக நிற்கிறது. மாவு கரைத்து ஊற்றலாமா?

வேண்டாம். இன்னொரு கப் பீன்ஸை மசித்துச் சேருங்கள், மூடியை எடுத்துவிட்டு 15 நிமிடம் வையுங்கள். அப்படியும் பொறுமை இல்லையென்றால் நாளை வரை பொறுங்கள்: ஆறும்போது மாவுச்சத்தும் ஜெலட்டினும் சேர்ந்து தானாக இறுகும்.

கேள்வி: இரவு முழுதும் அடுப்பு மேலேயே வைத்துவிட்டுக் காலையில் நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும்தானே? பெரிய பானை, குளிர்பதனப் பெட்டியில் நுழையவில்லை.

போதாது. கறி, பீன்ஸ், கெட்டிச் சாறு மூன்றும் சேர்ந்த பானை மெதுவாக ஆறும். அந்த இளஞ்சூட்டில் கொதியைத் தாக்குப்பிடித்த பாக்டீரியா வித்துகள் முளைத்துப் பெருகும். காலையில் கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகலாம்; அவற்றில் சில விட்டுச்சென்ற நச்சு கொதியிலும் அழியாது.

இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும். பானையோடு அல்ல. 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். அவசரமானால் பானையை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி நடுநடுவே கிளறுங்கள், அரை மணியில் வெகுவாகச் சூடு இறங்கும். குளிர்பதனப் பெட்டியில் 3 முதல் 4 நாள், உறைபெட்டியில் 2 முதல் 3 மாதம். உறைய வைக்கும் டப்பாவில் மேலே 2 சென்டிமீட்டர் இடம் விட்டு, பீன்ஸ் சாற்றில் முழுக மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பச் சூடாக்கும்போது நடுவிலும் ஆவி பறக்க, 74 டிகிரி தொட வேண்டும்.

கேள்வி: குளிரிலிருந்து எடுத்தால் அல்வா மாதிரி ஆடுகிறது. கெட்டுவிட்டதா?

ஜெலட்டின். சரியாகச் செய்திருக்கிறீர்கள். மேலே வெள்ளையாக உறைந்திருப்பது கொழுப்பு. வேண்டாதவர்கள் அப்போதே வழித்து எடுத்துவிடலாம்.

கேள்வி: வாயுத் தொல்லைக்கு என்ன செய்வது?

பீன்ஸிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகின்றன. வாயு அவற்றின் ஏப்பம். 12 மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஒரு பகுதி போய்விடும், முழுதும் போகாது. நன்றாக வேகவையுங்கள், முதல் நாளே இரண்டு கிண்ணம் வேண்டாம். வெப்பமான அறையில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் நுரைத்துப் புளிக்கும். நீண்ட ஊறலைக் குளிரில் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்க செனட்டில் தினமும் பீன் சூப் போடுவார்கள் என்பது கதைதானே?

இல்லை. செனட் உணவகத்தின் பட்டியலில் அது அன்றாடம் இடம்பெறுவது நெடுநாள் வழக்கம். யார் தொடங்கியது என்பதில்தான் இரண்டு கதை: ஐடஹோ மாநில செனட்டர் ஃபிரெட் டுபாய் கேட்டார் என்று ஒன்று, மினசோட்டா செனட்டர் நூட் நெல்சன் 1903-இல் கேட்டார் என்று இன்னொன்று. அங்கே வழங்கும் குறிப்பு மிக எளிமையானது: நேவி பீன்ஸ், புகையூட்டிய ஹாக், வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், உப்பு, மிளகு. டுபாய் பெயரிலான குறிப்பில் மசித்த உருளைக்கிழங்கும் உண்டு, சாறு கெட்டியாவதற்காக. உருளைக்கிழங்கு இந்தப் பானையில் செய்யக்கூடிய நியாயமான வேலை அதுதான்.

கேள்வி: டப்பா பீன்ஸில் செய்தால் மானம் போய்விடுமா?

போகாது. 500 கிராம் காய்ந்த பீன்ஸுக்கு ஈடாக 400 கிராம் டப்பா ஐந்து. ஹாக் சாற்றை இரண்டரை மணி நேரம் தனியாகக் காய்ச்சி, பாதியாக வற்றவைத்து, பீன்ஸை அலசிப் போட்டு 20 நிமிடம் மட்டும். டப்பாத் தண்ணீரில் உப்பு நிறைய, கட்டாயம் அலசுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பன்றிக்கறி கிடையாது. ஆனால் அந்தப் புகை வாசனை வேண்டும்.

புகையூட்டிய வான்கோழிக் கால் அல்லது இறக்கை. அளவு, நேரம், வரிசை எல்லாம் ஹாக்குக்குச் சொன்னதேதான். காலில் ஊசி போன்ற மெல்லிய எலும்புகள் நிறைய இருக்கும். பிய்க்கும்போது விரலால் தடவிப் பார்த்துப் பிய்யுங்கள்.